ரமணாவின் தாழ்ந்த கார்

சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது நாவல்பேடு. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் முதலில் ஊர்த் தெரு வரும். அதைத் தாண்டித்தான் காலனி. காலனிக்காரர்களுக்கு வேறு வழி கிடையாது.

அந்தக் காலனியில் கருப்பனுக்கும் செல்லியம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தவன் ரமணா. கருப்பனுக்கு இளம் வயதில் ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரார் கழனியில் கூலிக்குப் போனார். பின்னால் சர்க்கார் பட்டாவில் கொஞ்சம் மேட்டு நிலம் கிடைத்து, அதில் வேர்க்கடலை போட்டார்; அறுப்புக் காலத்தில் மட்டும் கூலிக்கும் போவார். நிலம் வந்த பிறகும் ஊர்த் தெருவில் அவர் நடை மாறவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக, விடுவிடுவென்று கடந்துவிடுவார். இப்போது யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்வதில்லை. ஆனாலும் அந்தத் தெருவுக்குள் வந்தால் அவர் காலுக்குத் தானாகவே வேகம் வந்துவிடும்.

ரமணா பத்தாவதில் கணக்கில் தவறினான். மறுபடி எழுதப் பிடிக்காமல், ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போல பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூர் மாவு புளித்துப் பொங்குவது மாதிரி நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்த நேரம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, கூடவே கார்கள் வந்தன, கார்கள் வந்தால் டயர் தேய வேண்டுமே! ஓசூர் ரோட்டில் ஒரு டயர் கடையில் வேலை கிடைத்தது. சக்கரம் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது. பிறகு சக்கரங்களைக் கோணலில்லாமல் நேராக்கும் அலைன்மென்ட் பார்க்கவும் கற்றுக்கொண்டான்.

அந்தக் கடைக்கு ஒரு மத்தியானம் வெள்ளை நிறக் கார் ஒன்று வந்தது. முன் சக்கரத்தில் ஆணி. ரமணா ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தான். ஜாக்கி உள்ளே நுழையவில்லை. காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இடமே இல்லை. டயரிலெல்லாம் ஒரேயடியாகக் காற்று இறங்கிவிட்டதோ என்று சுற்றி வந்து பார்த்தான். மற்ற டயர்களில் குறையில்லை. காரே அப்படித்தான் இருந்தது. அகலமான சக்கரங்கள் மட்கார்டுக்குள் பாதி ஒளிந்துகொண்டு, கார் முழுக்கத் தரையோடு அமர்ந்திருந்தது. மற்ற கார்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருக்க, இது மட்டும் நிதானமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அண்ணா, இது இப்படியேவா கம்பெனியிலேர்ந்து வந்துது?" என்று கேட்டான்.

காரின் சொந்தக்காரன் அவனைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். சிரித்தான். "இல்லப்பா. நாங்க எறக்கினது."

ரமணா தரையில் மல்லாந்து படுத்து அடியில் எட்டிப் பார்த்தான். சட்டையெல்லாம் கிரீஸ் ஆனது. குட்டையான, தடித்த ஸ்பிரிங்குகள் சிவப்பாக மின்னின. முதலாளி கூப்பிட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் எந்தக் கார் போனாலும் அவன் கண் முதலில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் போகும். இதில் உள்ளங்கை போகும், இதில் நாலு விரல், இதை இறக்கினால் ரெண்டு விரலுக்குக் கொண்டுவரலாம் என்று மனசுக்குள் அளந்துகொண்டே நடப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெள்ளைக் கார்ப் பையன்கள் கூடும் இடத்துக்குப் போய் நிற்பான். வேலை தெரிந்தவன் என்பதால் அவர்கள் விரட்டவில்லை. ஸ்பானர் பிடிக்கச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். எந்த ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக் அப்சார்பர் பொருந்தும், சக்கரம் எவ்வளவு வெளியே வந்தால் அழகு, எவ்வளவு வந்தால் அசிங்கம் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றான்.

சில வருஷம் கழித்து சித்தூர் திரும்பி, பைபாஸில் ஒரு அலைன்மென்ட் கடையில் சேர்ந்தான். ரூபாவைக் கட்டிக்கொண்டான். ரூபா கார்வேட்டிநகரத்துப் பெண். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் நேராகப் பேசுவாள். "உனக்கு சொந்தமா ஒரு காரு இல்லாம தூக்கம் வராதுன்னு தெரியுது. வாங்கிடு. எனுக்கு நகை வாணாம்" என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

திருப்பதியில் ஒரு நீல எஸ்டீம் கார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனான். கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம். வீட்டுக்காரர் தேசிகன். மகன் ரகுராம் அமெரிக்காவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கார், துணி போர்த்தி வாசலில் நின்றிருந்தது.

"நேக்கு ஓட்டத் தெரியாது. அவன் இனிமே வந்து ஓட்டப்போறதும் இல்லே" என்றார் தேசிகன். "தினம் தொடைச்சு மட்டும் வச்சிண்டிருக்கேன்."

அவர் மனைவி கமலவல்லி உள்ளேயிருந்தே கேட்டாள்: "ஒண்ணும் பண்ணிடாம நன்னா வச்சுப்பியோன்னோப்பா?"

"நல்லா வெச்சிக்கிறேம்மா" என்றான் ரமணா. அது பொய்யில்லை. ஆனால் 'ஒண்ணும் பண்ணிடாம' என்ற பாகத்துக்கு அவன் பதில் சொல்லவில்லை.

முதல் தடவை அவசரப்பட்டுவிட்டான். நல்ல ஸ்பிரிங் செய்யக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், இருந்த ஸ்பிரிங்கையே கிரைண்டரில் வெட்டி மாட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட்டினால் கன்றுக்குட்டி போலத் துள்ளியது. ஊர்ப்பக்கம் போகும் வழியில், கால்வாய்ப் பாலத்தில் துள்ளி விழுந்ததில் எஞ்சினுக்கு அடியிலிருக்கும் ஆயில் சம்ப் கல்லில் மோதிக் கிழிந்தது. ரோடெல்லாம் கறுப்புக் கோடு. லாரி மெக்கானிக் ஏழுமலைதான் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனான். அவன் பைபாஸில் பட்டறை வைத்திருந்த ரமணாவின் சிநேகிதன்.

"ஸ்பிரிங்குன்னா இன்னா முருங்கக்காயா, நறுக்கிப் போட?" என்று வழி நெடுகத் திட்டினான் ஏழுமலை.

அதற்கப்புறம் ரமணா ஒழுங்காகச் செய்தான். சென்னை புதுப்பேட்டையில் தேடி அலாய் சக்கரங்கள் நாலு வாங்கிவந்து, சுரண்டி, தேய்த்து, பளபளப்பேற்றினான். அளவு கொடுத்து ஸ்பிரிங் செய்வித்தான். அகலச் சக்கரம் உரசாமலிருக்க மட்கார்டின் உள் விளிம்பை மடக்க வேண்டியிருந்தது. அதற்கு அம்மாவின் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "காரு ரிப்பேருக்கு உலக்கை எடுத்துக்கினு போறவனை இப்பதான் பாக்கறேன்" என்று செல்லியம்மா காலனி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். உலக்கையில் துணி சுற்றி, டயருக்கும் தகரத்துக்கும் நடுவே செருகி, ஏழுமலை காரை மெல்லத் தள்ள, ரமணா அழுத்திப் பிடிக்க, பெயிண்ட் உதிராமல் விளிம்பு உள்ளே மடங்கியது.

வேலை முடிந்து காரைக் கழுவி நிறுத்திவிட்டு இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ஆகாய நீலம். தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. சக்கரம் மட்கார்டை நிறைத்துக்கொண்டு, கூரையிலிருந்து பம்பர் வரை ஒரே இழுப்பில் போட்ட கோடு மாதிரி இருந்தது. ஏழுமலை, வாழ்நாளெல்லாம் லாரியையே பார்த்தவன், "அழகாத்தாண்டா கீது" என்று ஒப்புக்கொண்டான்.

எல்லாருக்கும் அப்படித் தெரியவில்லை. சித்தூரில் ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தி, குனிந்து பார்த்து, "நாலும் பஞ்சரா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ரமணா ஞாயிறுதோறும் ரூபாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நாவல்பேட்டுக்குப் போவான். தாழ்ந்த காரில் வேகமாகப் போக முடியாது. குழி பார்த்து, கல் பார்த்து, மேட்டில் கோணலாக ஏறி, நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். அப்பா விடுவிடுவென்று கடந்த தெருவை மகனின் கார் அங்குலம் அங்குலமாகக் கடந்தது. வெயிலில் நீலம் மின்னும். ஜன்னல் திறந்திருக்கும். தெருவில் இருக்கிறவர்கள் பார்க்காமலிருக்க முடியாது. ரமணா யாரையும் சீண்ட நினைத்து அப்படிப் போகவில்லை. ஆனால் அந்தத் தெரு முடியும் வரை தன் முதுகு நிமிர்ந்தே இருப்பதை அவன் கவனித்திருந்தான்.

ஊரில் பெரிய கழனி கங்கையாவுடையது. கோயில் மேடையில் உட்கார்ந்திருப்பவர், ஒருநாள் கார் எதிரே ஊர்ந்தபோது தெலுங்கில் சத்தமாகக் கேட்டார்: "ஏம்ரா, இதி காரா, சீமா?" காரா, எறும்பா என்று. மேடையே சிரித்தது. ரமணாவும் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டுப் போனான். அவன் கூனிக் குறுகாமல் சிரித்ததுதான் கங்கையாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த மாதம் ஊர்த் தெருவுக்கு சிமென்ட் போட்டார்கள். அதோடு கோயில் எதிரில் ஒரு ஸ்பீடு பிரேக்கரும் வந்தது. குழந்தைகள் விளையாடுகிற தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று காரணம் சொன்னார் கங்கையா. ஸ்பீடு பிரேக்கரா அது! கழனி வரப்பைக் கொண்டுவந்து குறுக்கே வைத்த மாதிரி இருந்தது. பால் வண்டி ஏறி இறங்கினால் கேன்கள் எகிறின. மோட்டார் சைக்கிள்காரர்கள் முனகினார்கள். எல்லா வண்டியும் எப்படியோ கடந்தது. ஊரிலேயே மெதுவாகப் போகிற வண்டி ஒன்றால்தான் கடக்க முடியவில்லை.

ரமணா கோணலாக ஏற்றிப் பார்த்தான். வயிறு சிமென்ட்டில் உட்கார்ந்து, சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. மேடையில் யாரோ விசிலடித்தார்கள். ரூபா குழந்தையோடு இறங்கி நின்றாள். பின்னாலேயே எடுத்துக்கொண்டுபோய் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு மூவரும் நடந்தார்கள்.

"நடந்தே வாடா" என்றார் கருப்பன், வீட்டில். "நான் இத்தினி வருசம் நடக்கலையா?"

"நீ நடந்தது போதும் நைனா."

"வாணாம்டா. அவங்க கழனியிலதான் நான் அறுப்புக்குப் போறேன். உனுக்கு சித்தூரு கீது. எனுக்கு இதான் கீது."

ரமணா சில மாதங்கள் நடந்தே போய் வந்தான்.

ரூபா ஒருநாள் கேட்டாள். "பழைய ஸ்பிரிங்கையே போட்டுட்டா ஏறிடாதா?"

"ஏறும்."

"அப்பறம் இன்னா?"

"அப்பறம் அவங்க சொன்ன ஒசரத்துலதான் என் காரு நிக்கும்" என்றான் ரமணா.

ரூபா யோசித்தாள். "சரி. வேற இன்னா வழின்னு பாரு."

வழி ஏழுமலையின் பட்டறையில் கிடந்தது. பெரிய லாரிகளில் டிரைவர் கேபின் குலுங்காமல் இருக்க அடியில் காற்றுப் பைகள் வைத்திருப்பார்கள். கெட்டியான ரப்பர், உள்ளே காற்று. விபத்தான ஒரு லாரியிலிருந்து கழற்றிய பைகளை ரமணா கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தான். காற்றை ஏற்றினால் உயரும். விட்டால் தாழும். ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இது இருந்தால்?

"பைத்தியமாடா உனுக்கு?" என்றான் ஏழுமலை. ஆனால் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேதான் சொன்னான்.

அந்த வேலை நினைத்ததைவிட நீண்டது. பை பொருந்தத் தாங்குதட்டு செய்தார்கள், விரிசல் விட்டது, மறுபடி செய்தார்கள். லாரி பிரேக்கின் சின்ன ஏர் டாங்க்கை டிக்கியில் பொருத்தி, காற்றடிக்கும் மோட்டாரை அதோடு சேர்த்து, குழாய்கள் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச் வைத்தார்கள். ஒரு தடவை குழாய் பிய்த்துக்கொண்டு கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. இன்னொரு தடவை முன்பக்கம் மட்டும் எழும்பி, கொட்டாவி விடும் நாய் மாதிரி நின்றது. பட்டறைக்கு வரும் லாரி டிரைவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. சிரித்தவர்களே பிறகு, "அந்த வால்வை மாத்திப் பாருப்பா" என்று யோசனையும் சொன்னார்கள். கடைசியில் ஒரு நாள் சுவிட்சை அமுக்க, நீல எஸ்டீம் பெருமூச்சு விட்டுக்கொண்டு நாலு கால்களிலும் சமமாக எழுந்து நின்றது. மறுபடி அமுக்க, உஸ்ஸென்று தரையில் அமர்ந்தது. ரமணா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டே டீ சொல்லப் போய்விட்டான்.

ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை அன்று ஊரே தெருவில் இருந்தது. நீலக் கார் மெயின் ரோட்டில் நிற்காமல் உள்ளே திரும்பியதும் சத்தம் அடங்கியது. வழக்கம்போல ஊர்ந்து வந்து, அந்த சிமென்ட் மேட்டின் முன்னால் நின்றது. மேடையில் கங்கையா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். ரமணா சுவிட்சில் விரலை வைத்தான். பக்கத்தில் ரூபா, "அமுக்கு" என்றாள்.

முன்பக்கம் எழுந்தது. பின்பக்கம் எழுந்தது. கார் சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டும் பெண்ணைப் போல அந்த மேட்டை நிதானமாகத் தாண்டியது. அந்தப் பக்கம் போய் நின்று, உஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி தரையில் அமர்ந்துகொண்டது.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மேடையிலிருந்து முதலில் இறங்கி வந்தது தாமோதரன். ஊர்க்காரர், அரசாங்க பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். காரைச் சுற்றி வந்தார். பிறகு வெள்ளை வேட்டியோடு முட்டி போட்டுத் தரையில் குனிந்து, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார்.

"காத்தாடா? எல்லாம் காத்துலயாடா நிக்குது?"

"ஆமா சார்."

"இன்னொரு தரம் தூக்கு, பாக்கறேன்."

ரமணா தூக்கிக் காட்டினான். கங்கையா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

சத்தம் கேட்டுக் காலனிப் பக்கமிருந்து கருப்பன் ஓடிவந்தார். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயத்தில் செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் வந்த செல்லியம்மா கவனித்தாள். "போதும்டா, ஊட்டுக்கு வா" என்று மகனை அதட்டினார் கருப்பன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

அவர் பயந்தது நடந்தது. அந்த வருஷம் கங்கையா கழனியில் அறுப்புக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள், கருப்பனைக் கூப்பிடவில்லை. "உன் வண்டி ஏறி எறங்கிச்சு" என்றார் மகனிடம். "என் பொழப்பும் எறங்கிப்போச்சு." பிறகு பல மாதங்கள் அவர் ரமணாவோடு பேசவில்லை. செல்லியம்மாதான் நடுவில் இருந்தாள். ரமணாவுக்கு அந்த ஜாத்திரை நாள் சந்தோஷம் கசந்துபோனது. செய்தது தப்பா என்று ரூபாவிடம் கேட்டான். "தப்பில்ல. ஆனா நோவு அவருக்குப் போச்சு" என்றாள் அவள்.

காரைப் பற்றிய பேச்சு மட்டும் ஊரைத் தாண்டிப் போனது. யாரோ போனில் எடுத்த படம் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிறுகளில் முன்பின் தெரியாத பையன்கள் ஏழுமலையின் பட்டறையைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ரமணா வேலையை விட்டுவிட்டு, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் சின்னதாகக் கடை போட்டான். கேட்டதையெல்லாம் செய்துகொடுக்க மாட்டான். "இது உன் அப்பா ஓட்டுற வண்டின்னா அவர் இடுப்புக்கு ஆவாதுப்பா" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. கணக்கு வழக்கெல்லாம் ரூபா. காரும் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாளே பம்பரைச் சுவரில் உரசிவிட்டு, "உன் காருதான் ரொம்ப கீழே கீது, எனுக்கு ஒண்ணும் தெரியல" என்று அவனையே குறை சொன்னாள்.

கடை நிலைத்த பிறகு ஒரு யோசனை வந்தது. இப்படிப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரையும் ஒரு நாள் ஓரிடத்தில் கூட்டினால் என்ன? ரேணிகுண்டாவைத் தாண்டி ஏர்பேட்டுக்குப் பக்கத்தில், வேர்க்கடலை பிடுங்கி முடிந்து கெட்டித்துக் கிடந்த ஒரு கழனியைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கினான். மாசி மாத ஞாயிறு, காலையில் கார்கள் வரத் தொடங்கின. பெங்களூரிலிருந்து, வேலூரிலிருந்து, சென்னையிலிருந்து. சிவப்பு, கறுப்பு, எலுமிச்சை மஞ்சள். ஒவ்வொன்றும் கழனி வரப்பின் வெட்டில் கோணலாக, பயந்து பயந்து இறங்கும். எல்லாரும் வெளியே நின்று, "ரைட்ல ஒடி, ரைட்ல" என்று கத்துவார்கள். இறங்கிவிட்டால் கைதட்டல். காய்ந்த வேர்க்கடலைக் கொடிகளுக்கு நடுவே பளபளவென்று வரிசையாக உட்கார்ந்திருந்த கார்களைப் பார்த்து, ரோட்டில் போன டிராக்டர்கள் நின்றுவிட்டுப் போயின.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து இரண்டு பெரியவர்கள் இறங்கினார்கள். ஒருவர் தாமோதரன். தான் பார்க்க வேண்டுமென்று வந்தவர், பக்கத்தில் கருப்பனையும் இழுத்து வந்திருந்தார். நாவல்பேட்டிலிருந்து வழி நெடுக ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்களாம். பிறகு செல்லியம்மா இதை நம்பாமல் ரெண்டு தடவை கேட்டாள்.

ரமணா ஒரு காரின் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தான். நைனாவைப் பார்த்ததும் எழப் போனான். கருப்பன் கையால் 'வேலையைப் பாரு' என்று காட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நடக்க ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு காரிடமும் நின்று, குனிந்து, சக்கரத்துக்கு மேல் விரலை வைத்து அளந்து பார்த்தார்.

கண்ணாடி போட்ட ஒரு பெங்களூர்ப் பையன் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். "உக்காருங்க ஐயா. நீங்க யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

கருப்பன் உட்கார்ந்தார். நீலக் காரைக் காட்டினார். "அது என் புள்ளைது" என்றார்.

"ரமணா அண்ணனோட அப்பாவா?" பையன் மற்றவர்களைக் கூப்பிட்டான். நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் காரை முதல் தடவை தூக்கியபோது எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். உலக்கையிலிருந்து ஆரம்பித்தார். தாமோதரன் நடுவில் புகுந்து திருத்தினார், அவர் விடவில்லை. "நீ சும்மா இரு சாமி, எங்க ஊட்டு விசயம் நான் சொல்றேன்" என்றார்.

ரமணா தலையைத் தூக்காமல் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே இறுகிய நட்டு. கொஞ்ச நேரம் அதையே முடுக்கிக்கொண்டிருந்தான்.

மாலையில் ஊருக்குக் கிளம்பியபோது ரூபா குழந்தையோடு பின் சீட்டில் தாமோதரன் பக்கத்தில் ஏறிக்கொள்ள, கருப்பன் முன் சீட்டில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. உள்ளே இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. "படுத்துக்கினு போற மாதிரி கீதுடா" என்றார். ரேணிகுண்டா வருவதற்குள் தலை சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். ரோட்டில் ஒட்டுப்போட்ட பள்ளங்கள் இருந்தன. ரமணா வேகத்தை இன்னும் குறைத்தான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவன் கையை வெளியே நீட்டி, முந்திப் போகச் சொல்லி வழிவிட்டான்.